வாசலிலே ஒரு காய்கறிக் கோலம்!

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். கேட்டைத் திறந்ததுமே, "அடடே, வாசல்ல தோட்டம் ரொம்ப அழகா இருக்கே!" என்கிறார்கள். உங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. நாலு குரோட்டன்ஸ், ஒரு வரிசை ரோஜாத் தொட்டி, நடுவே பச்சைப் பசேலென்று புல்தரை. அழகுக்கு என்ன குறைச்சல்?

"காய்கறி எதுவும் போடலியா?" என்று கேட்கிறார் வந்தவர்.

"போட்டோமே! கொல்லைப் பக்கம் கத்தரி, வெண்டைன்னு எல்லாம் வெச்சோம். ஒண்ணும் சரியா வரலே. விட்டுட்டோம்!"

பல வீடுகளில் கேட்கிற பதில்தான் இது. ஆனால் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். அதே வீடு, அதே மண், அதே தண்ணீர். முன்பக்கத்து ரோஜா மட்டும் எப்படிச் செழிப்பாக இருக்கிறது?

காரணம் ரொம்பச் சுலபம். ரோஜா தினமும் பத்துத் தடவை உங்கள் கண்ணில் படுகிறது. இலை வாடினால் உடனே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுகிறீர்கள். பூச்சி தெரிந்தால் கிள்ளிப் போடுகிறீர்கள். கொல்லைப்புறக் கத்தரிச் செடியையோ வாரத்துக்கு ஒரு முறை, துணி உலர்த்தப் போகும்போது பார்த்தால் உண்டு. அதற்குள் மாவுப்பூச்சி அதை மொய்த்து முடித்திருக்கும்.

கண்ணில் படாத செடி கருகித்தான் போகும். அப்படியென்றால் வழி என்ன? காய்கறிச் செடியை வாசலுக்குக் கொண்டு வாருங்கள். "ஐயோ, வாசல்ல கத்தரிக்காயா? பார்க்க நல்லாவா இருக்கும்?" என்று முகம் சுளிக்காதீர்கள். போடுகிற விதத்தில் போட்டால், குரோட்டன்ஸ் எல்லாம் பிச்சை வாங்க வேண்டும்!

டாக்டர் போட்ட தோட்டம்

காய்கறித் தோட்டத்தைப் பார்க்க டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிற ஊர் ஒன்று இருக்கிறது, தெரியுமா? பிரான்ஸ் நாட்டில் வில்லாண்ட்ரி என்ற ஊரிலுள்ள பழைய மாளிகை அது. 1906-ல் அதை வாங்கியவர் ஸ்பெயின் நாட்டில் பிறந்த ஜோகிம் கர்வாய்யோ என்ற மருத்துவர். அவர் அங்கே பழைய காலத்து முறையில் தோட்டங்களை உருவாக்கினார். அதில் காய்கறித் தோட்டம் மட்டும் ஒன்பது பெரிய சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் ஒவ்வொரு வடிவம். சிவப்பு முட்டைக்கோஸ், பீட்ரூட், கேரட் இலை என்று நிறம் பார்த்து நட்டிருப்பார்கள். மேலிருந்து பார்த்தால் கலர் கலராகச் சதுரங்கப் பலகை விரித்த மாதிரி இருக்கும்.

அமெரிக்காவின் வெள்ளை மாளிகையிலும் இது நடந்தது. 2009-ல் மிஷெல் ஒபாமா, பள்ளிக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய், மாளிகையின் தெற்குப் புல்வெளியைக் கொத்தி, சுமார் 1,100 சதுர அடியில் காய்கறித் தோட்டம் போட்டார். குழந்தைகள் ஒழுங்காகக் காய்கறி சாப்பிட வேண்டும் என்பதே அவருடைய நோக்கம்.

அவர்களுக்கு மாளிகை இருக்கிறது, ஆள் இருக்கிறது, நமக்கு என்ன இருக்கிறது என்கிறீர்களா? நமக்குக் கோலம் இருக்கிறதே! புள்ளி வைத்து, வரிசை பிடித்து, இந்தப் பக்கம் போட்டதை அந்தப் பக்கமும் போட்டு, நடுவில் வண்ணம் கொடுக்கத் தெரிந்த கைக்குப் பாத்தி போடுவதா கஷ்டம்?

முதலில் வெயிலைப் பாருங்கள்

நர்சரிக்கு ஓடுவதற்கு முன்னால், ஒருநாள் முழுக்க வாசலைக் கவனியுங்கள். எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை இதெல்லாம் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் கேட்கும். கீரை வகைகள், புதினா, கொத்தமல்லி மூன்று நான்கு மணி நேர வெயிலிலேயே சமாளித்துக்கொள்ளும்.

அடுத்தது உயரம். நம் ஊரில் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகிறது. அதனால் உயரமான செடிகளையும் பந்தலையும் வடக்கு ஓரத்தில் வைத்தால், அவற்றின் நிழல் குட்டிச் செடிகள் மேல் விழாது.

ஒரு வாசல்... ஒரு வரைபடம்

கிழக்கு பார்த்த வீடு. கேட்டிலிருந்து வாசற்படி வரைக்கும் 10 அடி. குறுக்கே 20 அடி அகலம். இந்த இடத்தை எப்படிப் பிரிக்கலாம்?

நடுவே 3 அடிக்கு நடைபாதை. இரண்டு பக்கமும் எட்டரை அடி மிஞ்சும். அதில் நடைபாதையை ஒட்டி மூன்றரை அடி அகலத்துக்கு ஒரு பாத்தி. அப்புறம் 2 அடிக்கு நின்று வேலை செய்ய வழி. அதற்கு அப்பால், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி 3 அடி அகலத்துக்கு இன்னொரு பாத்தி. பாத்தியை இதற்கு மேல் அகலமாக்காதீர்கள். உள்ளே கை எட்டாவிட்டால் மண்ணில் கால் வைப்பீர்கள். மிதிபட்ட மண் இறுகிவிடும், வேர் இறங்காது.

பாத்திகளைத் தரையிலிருந்து அரை அடி உயர்த்தி, ஓரங்களில் செங்கல்லைச் சாய்த்துப் புதையுங்கள். பல் வரிசை மாதிரி அழகாக இருக்கும். பழைய நாட்டு ஓடு கிடைத்தால் இன்னும் விசேஷம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கி வேர் அழுகாமலும் இருக்கும். முட்டிவலி இருக்கிறவர்கள் உள்ள வீடு என்றால் பாத்தியை இரண்டு அடி உயரத்துக்கே கட்டிவிடலாம். பக்கத்தில் ஒரு முக்காலி போட்டால், தாத்தா பாட்டி உட்கார்ந்தபடியே களை எடுப்பார்கள்.

நடைபாதையை ஒட்டிய பாத்திகள்தான் கோலத்தின் முகம். இங்கே இரண்டு பக்கமும் ஒன்று போலவே நடுங்கள். ஒரு சதுரம் சிவப்புக் கீரை, அடுத்த சதுரம் பச்சைச் சிறுகீரை, அதற்கடுத்து மறுபடி சிவப்பு. நடுநடுவே மிளகாய்ச் செடி. பச்சையும் சிவப்புமாகக் காய்த்துத் தொங்கும்போது எந்தப் பூச்செடி அதற்கு ஈடு?

வடக்குச் சுவர்ப் பாத்தியில், பின்னால் வெண்டை, முன்னால் கத்தரி. வெண்டை செம்பருத்தியின் குடும்பத்தைச் சேர்ந்தது. இளமஞ்சள் பூ, நடுவே கருஞ்சிவப்புப் பொட்டு. கத்தரிக்கு ஊதாப் பூ, ஊதாக் காய். கத்தரிக்கும் தக்காளிக்கும் செடிக்குச் செடி இரண்டு அடி, மிளகாய்க்கு ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள். ஒற்றைச் செடியாக அங்கொன்றும் இங்கொன்றும் வைக்காமல் மூன்று, ஐந்து என்று கூட்டமாக வைத்தால்தான் பார்வைக்கு நிறைவாக இருக்கும்.

தெற்குச் சுவர்ப் பாத்தியில் சுவரின் நிழல் விழும். அங்கே அரைக்கீரை, பொன்னாங்கண்ணி, கற்பூரவல்லி, துளசி. புதினாவை மட்டும் தொட்டியில் வையுங்கள். தரையில் விட்டால் பாத்தி முழுக்கப் பட்டா போட்டுவிடும்!

கேட்டுக்கு மேலே ஒரு வளைவு

வாசலுக்கு அழகே கொடிதான். சவுக்குக் கட்டையோ, வளைத்த இரும்புக் குழாயோ வைத்து, கேட்டுக்கு மேலே ஏழடி உயரத்துக்கு ஒரு வளைவு கட்டி, நைலான் வலை போடுங்கள். அதில் பந்தல் அவரையை ஏற்றுங்கள். கொத்துக் கொத்தாகப் பூத்து, தோரணம் கட்டின மாதிரி இருக்கும். இங்கே புடலை வேண்டாம். நீளமாகத் தொங்கி, வருகிறவர்கள் தலையை எல்லாம் தடவிப் பார்க்கும்!

கொடிகளில் ஒரு வேடிக்கை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? பாகல் காலையில் மஞ்சளாகப் பூக்கும். பீர்க்கு சாயங்காலம் மஞ்சளாகப் பூக்கும். புடலையும் சுரையும் பொழுது சாய்ந்த பிறகு வெள்ளை வெளேரென்று மலரும். புடலைப் பூவின் ஓரம் லேஸ் வைத்துத் தைத்த மாதிரி இருக்கும். ஆகவே ஜன்னல் பக்கம் ஒரு பாகல், சாயங்காலம் நீங்கள் உட்காருகிற திண்ணைப் பக்கம் ஒரு பீர்க்கு என்று வைத்தால், காலை காபிக்கும் பூ, மாலை அரட்டைக்கும் பூ!

வண்டு வராத இடத்தில் பூ பூத்தும் பிஞ்சு நிற்காமல் உதிரலாம். ஆண் பூவைப் பறித்து, அடியில் பிஞ்சு உள்ள பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடுங்கள். பூ மலர்ந்திருக்கும் நேரத்தில் செய்ய வேண்டும். காலையில் பூப்பதற்குக் காலையில், மாலையில் பூப்பதற்கு மாலையில்.

முருங்கை எங்கே?

"முருங்கையை விட்டுட்டீங்களே!" என்கிறீர்களா? அதை வாசலில் வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். சாஸ்திரம் இருக்கட்டும். அதன் கிளை லேசான காற்றுக்கே முறியும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி மரத்தில் அடை அடையாக ஏறும். மேலே பட்டால் அரிப்பு, தடிப்பு. அதனால் குழந்தைகள் ஓடி விளையாடுகிற இடத்தில் வேண்டாம். கொல்லைப்புற மூலையில் இருக்கட்டும். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 ரகத்தை விதை போட்டே வளர்க்கலாம். ஆறு மாதத்தில் காய்ப்புக்கு வந்துவிடும். மூன்றடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் குட்டையாகப் பக்கக் கிளை விடும்.

வாழையும் பின்பக்கம்தான். பாத்திரம் அலசுகிற தண்ணீர் போகிற வழியில் வையுங்கள். ஆனால் பச்சையாகச் சாப்பிடுகிற கொத்தமல்லி, புதினாவுக்கு அந்தத் தண்ணீர் கூடாது. அரிசி கழுவின தண்ணீரும் புளித்த மோரும் கறிவேப்பிலைக்கு.

பாத்தி காலியானால்..?

காய்கறித் தோட்டத்தின் ஒரே குறை இதுதான். கீரையைப் பறித்தால் மறுநாள் அந்த இடம் மொட்டையாக நிற்கும். வில்லாண்ட்ரியில்கூட வருஷத்துக்கு இரண்டு தடவை நடவு மாற்றுகிறார்கள். நாம் செய்ய வேண்டியது இதுதான். எல்லாச் சதுரத்திலும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். பத்து நாளுக்கு ஒரு சதுரம் என்று விதைத்துக்கொண்டே வாருங்கள். விதைத்த 25, 30 நாளில் சிறுகீரை பறிப்புக்கு வரும். ஒரு சதுரம் காலியாகும்போது அடுத்தது தளதளவென்று நிற்கும். கூடவே பின்பக்கம் சின்னத் தொட்டிகளில் தக்காளி, மிளகாய் நாற்றுகள் தயாராக இருக்கட்டும். இடம் காலியானதும் கொண்டு வந்து நட்டுவிடலாம்.

இன்னொரு ரகசியம், துலுக்கச் சாமந்தி. தக்காளிப் பாத்தியின் ஓரத்தில் ஒரு வரிசை வையுங்கள். அழகுக்கு அழகு. தக்காளியைத் துளைக்கிற புழுவின் தாய் அந்திப்பூச்சி, முட்டையிட இந்தப் பூவை நாடிப் போகும். புழு இருக்கிற மொட்டுகளைப் பறித்து அழித்துவிட்டால் தக்காளி தப்பித்தது.

மண்ணுக்கு செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றும் சம பங்கு. ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. அசுவினி, மாவுப்பூச்சி தெரிந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள்.

இதனால் உடம்புக்கு என்ன லாபம்?

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். ஒரு நாளைக்கு ஒருவர் 400 கிராமாவது காய்கறியும் பழமும் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளைக்கிழங்கு மாதிரிக் கிழங்குகள் இந்தக் கணக்கில் சேராது. நாலு பேர் உள்ள வீட்டுக்குத் தினமும் 1,600 கிராம். உங்கள் 200 சதுர அடி வாசல் இத்தனையையும் தராது. மார்க்கெட்டுக்குப் போகிற பை மடித்து வைக்கப்பட மாட்டாது.

ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் கீரை உங்கள் வாசலிலிருந்தே வரும். கறிவேப்பிலை, மிளகாய், புதினா தினமும் வரும். என்ன மருந்து அடித்தார்களோ என்ற கவலை அந்த அளவுக்குக் குறையும். பறித்த உடனே சமைப்பதால் வைட்டமின் சி வீணாவதும் குறைவு. கீரை மசியலில் இறக்கின பிறகு எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளுங்கள்; கீரையிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்டவுடன் காபி, டீ வேண்டாம். அது இரும்புச்சத்தைத் தடுக்கும்.

"என் பையன் கீரைன்னாலே ஓடறான்" என்கிற அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு சதுரத்தை அவன் பேருக்கு எழுதிவையுங்கள். விதை தூவுவதும் அவன், பூவாளியில் தண்ணீர் விடுவதும் அவன், பறிப்பதும் அவன். தான் வளர்த்ததை ருசி பார்க்காத குழந்தை அபூர்வம்.

ரிட்டயரான அப்பாவுக்கும் இது மருந்துதான். "வாக்கிங் போங்கப்பா" என்றால் முணுமுணுப்பார். "அவரைக்காய் எத்தனை பறிச்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். குனிந்து, நிமிர்ந்து, பூவாளி தூக்கி, அரை மணி நேரம் போவதே தெரியாமல் வேலை செய்துவிட்டு, கணக்கோடு வந்து நிற்பார்!

அழகுக்குள்ளே ஆபத்து

அழகுச் செடி என்று நாம் வாசலில் வைத்திருப்பதில் சில விஷம் என்பது தெரியுமா? அரளியின் இலை, பூ, விதை எல்லாமே இதயத்தைப் பாதிக்கிற விஷம். பச்சையும் வெள்ளையுமாகப் பெரிய இலை விடுகிற டிஃபன்பேக்கியாவை ஒரு குழந்தை கடித்தால், வாயும் நாக்கும் எரிந்து வீங்கிப்போகும். தவழுகிற குழந்தை உள்ள வீட்டில், கைக்கெட்டுகிற இடத்தில் இவை இருக்கலாமா? தொடவே கூடாத செடி முன்னால், தின்னக் கூடிய செடி பின்னால் என்பது தலைகீழ் கணக்கு அல்லவா?

இவற்றையும் மறக்காதீர்கள்:

* தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டில் தண்ணீர் நின்றால், ஒரு வாரம் பத்து நாளில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு உருவாகிவிடும். வாரம் ஒரு தடவை கொட்டி, தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். கொசு முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

* மண் வேலைக்குச் செருப்பும் கையுறையும் அவசியம். கம்பி, முள் கிழித்தால் அலட்சியம் வேண்டாம். டெட்டனஸ் தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

* வீட்டுக் கீரைதானே என்று அப்படியே சமைக்காதீர்கள். இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள்.

* சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களும், கீரை எவ்வளவு சாப்பிடலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

* வாசலே இல்லாத ஃபிளாட்டா? வெயில் விழுகிற பால்கனியில் நாலு தொட்டி போதும். மொட்டை மாடி என்றால் ஈர மண்ணின் பாரம் ஞாபகமிருக்கட்டும். பைகளை நடுவில் குவிக்காமல் ஓரச் சுவர்களை ஒட்டி, செங்கல் மேல் வையுங்கள். நிறைய வைப்பதானால் முதலில் ஒரு என்ஜினீயரைக் கேளுங்கள்.

ஆடியில் ஆரம்பியுங்கள்

'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பது விவசாயிக்கு மட்டும் சொன்னதில்லை. உங்கள் வாசலுக்கும் சேர்த்துத்தான். ஒரேயடியாக எல்லாவற்றையும் பிடுங்கி எறிய வேண்டாம். இந்த வருஷம் ஒரே ஒரு பாத்தி, கேட்டில் ஒரு கொடி. அவ்வளவுதான். ஆடியில் ஊன்றின அவரை, பகல் குறுகக் குறுகப் பூவெடுக்கும். மார்கழியில் நீங்கள் கோலம் போடக் குனியும்போது தலைக்கு மேலே பூவும் பிஞ்சுமாக நிற்கும். பொங்கலன்று கூட்டுக்கு அவரைக்காய் உங்கள் கேட்டிலிருந்தே வரும்.

அன்றைக்கும் விருந்தாளிகள் வருவார்கள். "அடடே, தோட்டம் ரொம்ப அழகா இருக்கே!" என்பார்கள். இந்த முறை அவர்களை வெறும் கையோடு அனுப்ப வேண்டாம். ஒரு கட்டுக் கீரை பறித்து வாழைநாரில் கட்டிக் கொடுங்கள்.

குரோட்டன்ஸைப் பறித்துக் கொடுக்க முடியுமா, சொல்லுங்கள்!